டாக்டர் சுப்பாராவும் அனந்தபுரத்துக் கடிதமும்

அனந்தபுரத்திலிருந்து நேயர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆந்திர தேசத்து அனந்தபூர் அன்று. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கத்தில் உள்ள நம்முடைய அனந்தபுரம். மணிலாவும் கரும்பும் பயிரிடும் குடும்பம். அவருடைய தமையனாருக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்று. நாற்பது வருஷம் வாயில் புகையிலை அடக்கியதன் பலன் என்று நேயரே ஒப்புக்கொள்ளுகிறார். ரண சிகிச்சையும் கதிர் வைத்தியமும் செய்து ஒன்றரை வருஷம் ஆனபின் நோய் கழுத்தில் திரும்பிவிட்டது. இனி அறுக்க இயலாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இரண்டு விதமான மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பினார்களாம். ஒன்று வாரத்தில் ஒரே நாள்; மற்றொன்று தினமும் இரண்டு வேளை. ஊருக்குத் திரும்பியபின் மருந்துக் கடைக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, இவ்விரண்டும் மூட்டுவலிக்குக் கொடுப்பவையல்லவா என்று கேட்டுவிட்டார். அன்று முதல் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. ஏழை என்பதற்காகக் கைகழுவிவிட்டார்களா, சீட்டு மாறிப்போயிற்றா, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பவை நேயர் கேட்கும் கேள்விகள்.

சீட்டு மாறியதாகத் தோன்றவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நாம் வைத்தியர் அல்லோம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அதே ஆஸ்பத்திரிக்குச் சென்று நேரில் கேட்பதே முறை. ஆயினும் நேயர் பெயர் குறித்து அனுப்பியிருக்கும் மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்ஸேட். அதன் பிறப்பைத் தேடிப் போனால், சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காகத் தாழ்த்தப்பட்ட ஒரு வாலிபரிடம் போய்ச் சேருகிறோம். அவருடைய சரித்திரத்தைச் சொன்னால் நேயரின் ஐயமும் அதிலேயே தீரும் என்று நம்புகிறோம்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12-ஆம் தேதி, அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜகந்நாதம் ரெவினியூ இலாகாவில் உத்தியோகஸ்தர். தேக அசௌக்கியத்தால் முன்கூட்டியே வேலையை விட்டவர். ஏழு குழந்தைகளில் சுப்பாராவ் நாலாமவர். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாமென்று வீட்டை விட்டு ஓடினார். தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். தாயார் வெங்கம்மா விடவில்லை. தம் நகையை விற்றுப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பினார் என்பர். திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்து மூன்றாம் தடவை தேறினார். பரீட்சையில் ஒரு முறை தவறிய பையனைப் பாழாய்ப் போனவனாகக் கருதும் பெற்றோர் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். வெங்கம்மா அப்படிக் கருதியிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நமக்கு விஷயம் இருந்திராது.

ராஜதானிக் கலாசாலையில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய மனம் துறவில் சென்றது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை, தாயின் அனுமதி இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ள மடத்தாரும் இசையவில்லை. வைத்தியம் படித்தால் அதுவே ஜன சேவைக்கு வழியாகும் என்ற யோசனையைக் கேட்டு, 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்கள் உதவினர். பின்னர்க் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவர் தம் மகள் சேஷகிரியை 1919-ல் அவருக்கு மணம் செய்து கொடுத்து, படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கும்படி தேசத்தாரைக் கேட்டுக்கொண்டார். கல்லூரியை விட்டு வெளியேறியவர் பலர், சுப்பாராவ் வெளியேறவில்லை. ஆனால் ரண சிகிச்சை அறைக்குள் நுழையும்போது அணியவேண்டிய அங்கியைக் கதரில் தைத்து உடுத்திக்கொண்டார். ரண சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்னும் வெள்ளையருக்கு இது பொறுக்கவில்லை. சுப்பாராவ் எழுதிய விடைகளில் குறையொன்றும் இல்லை. எனினும் 1921-ல் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அன்று, அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். மட்டுமே. சென்னை மருத்துவ சர்வீஸில் சேர முயன்றார், இடம் கொடுக்கப்படவில்லை.

இதைப் பிராட்ஃபீல்டு ஒருவருடைய துவேஷம் என்று சொல்லி விட்டுவிட நமக்கு மனமில்லை. அந்த சர்வீஸில் நம்மவரும் இருந்தார்கள். அந்தக் கல்லூரியில் படித்துத் தேறிய நம்மவர் அநேகர் அந்நாளில் நகரத்தில் நல்ல வரும்படியோடு இருந்தார்கள். கதர் அங்கிக்காக ஒரு மாணவனின் பட்டம் குறைக்கப்பட்டபோது இவர்களில் வாய் திறந்தவர் உண்டு என்று நாம் எங்கும் படித்ததில்லை. சுப்பாராவுக்கு இடம் கொடுத்தவர் ஆயுர்வேதப் பண்டிதரான டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதி. அவருடைய ஆயுர்வேதக் கலாசாலையில் தேக அமைப்பு சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர் வேலை அது.

இதற்குள் அவருடைய குடும்பத்தில் பெரும் துக்கம் நேர்ந்திருந்தது. ஸ்ப்ரூ என்னும் நோயால் சகோதரர் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டாமல், வயிற்றுப்போக்கும் சோகையுமாக மனிதனை உருக்கிவிடும் நோய் அது. அந்நாளில் அதற்கு மருந்து இன்னதென்று யாருக்கும் தெரியாது. அந்த மருந்தைக் காணவேண்டும் என்ற எண்ணம் அப்போது அவர் மனத்தில் விழுந்து, இருபத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தது.

மாமனாரின் பொருளையும், காக்கிநாடாவில் சத்தியலிங்க நாயக்கர் வைத்த தருமத்தின் உதவியையும் கொண்டு அவர் அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. எல்.எம்.எஸ். பட்டத்துக்கு அங்கே மதிப்பும் இல்லை. இரவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டிகளை எடுத்துக் கொட்டும் வேலை பார்த்துக்கொண்டு பகலில் படித்தார். ஊரில் விட்டுவந்த மனைவியை அவர் மறுபடியும் காணவேயில்லை. அவர் புறப்பட்டபின் பிறந்த குழந்தையும் ஒரு வயது நிரம்புமுன் இறந்துபோயிற்று. இந்த ஒரு விஷயத்தில் அவரைப் புகழ நமக்கு வாய் வரவில்லை. சேஷகிரி அம்மையார் காத்திருந்த வருஷங்களுக்கு எந்தக் கண்டுபிடிப்பும் ஈடாகாது.

ஹார்வர்டில் ஜீவ ரசாயனப் பேராசிரியர் ஸைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் வேலை செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்பதை நீல நிறத்தின் ஆழத்தைக் கொண்டு அளக்கும் முறை ஒன்றை இருவரும் 1925-ல் வெளியிட்டனர். ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை என்ற பெயரோடு அது ரசாயன நூல்களில் நிலைத்துவிட்டது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தபோது, தசை சுருங்குவதற்கு வேண்டிய சக்தியைத் தாங்கிநிற்கும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927-லும், எல்லா உயிர்களின் சக்தி நாணயம் என்று சொல்லத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை 1929-லும் கண்டு வெளியிட்டார்கள். தசை வேலைசெய்வது லாக்டிக் அமிலத்தால் என்று அதுவரை நிலவிய கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. அந்தக் கொள்கையை வகுத்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன.

1930-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் நிரந்தரமான ஆசிரியர் பதவி ஹார்வர்டில் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் தனியே கண்டறிந்தவற்றுள் சில வெளிவராமலே கிடந்தன. ஃபிஸ்கேயின் பொறாமையே அதற்குக் காரணமாகத் தோன்றுகிறது என்றும், அவற்றை மற்றவர்கள் பிற்காலத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அதே ஆராய்ச்சிசாலையில் உடனிருந்தவரும் 1988-ல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். சென்னையில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர், பாஸ்டனிலும் ஒருவர். சுப்பாராவ் இருவரையும் எதிர்த்துப் பேசியவர் அல்லர். 1940-ல் ஹார்வர்டை விட்டு, நியூயார்க்கு ராஜ்யத்தில் பெர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கே அவர் கையெடுத்த முதற் காரியம், சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து. கல்லீரலிலும் கீரையிலும் ஒரு சத்து இருப்பதாகவும், சோகையை அது மாற்றுவதாகவும் பலர் கண்டிருந்தனர். அவர்களில் ஒருவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1928 முதல் பம்பாயில் தங்கி, ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தவர். அந்தச் சத்து இன்னதென்று நிச்சயித்து, அதைக் கையால் செய்து காட்டியவர்கள் லெடர்லியில் சுப்பாராவின் கீழ் வேலைசெய்த ரசாயனிகள். 1945-ல் இது வெளியாயிற்று. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்று அதற்குப் பெயர். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள், தேறினார்கள். இன்று நம் தேசத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் உள்ளது இதுவே.

இங்கேதான் கதை ஒரு விசித்திரமான திருப்பம் அடைகிறது. பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்னும் வைத்தியர், இரத்தப் புற்றால் வாடும் குழந்தைகளுக்கு லெடர்லி அனுப்பிய போலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை; வேகம் கொண்டதாகவே அவருக்குத் தோன்றிற்று. சோகையை மாற்றும் சத்து புற்றணுக்களுக்கும் ஊட்டமாகிவிட்டது. அப்படியானால், அந்தச் சத்தின் வேஷம் போட்டுக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன? அவ்வகைப் பொருள்களைச் செய்யும் வேலையும் சுப்பாராவின் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது. உண்மைச் சாவியையும் நுழையவிடாது. அத்தகைய பொய்ச்சாவிகள் அவை. அணு பிளந்து பெருக வேண்டுமானால் போலிக் அமிலம் வேண்டும். பூட்டில் பொய்ச்சாவி சிக்கிக்கொண்டால் பெருக்கம் நின்றுபோகும். வெகு வேகமாகப் பெருகும் அணுக்கள் முதலில் அடிபடும்.

அமினோப்டெரின் என்னும் பொய்ச்சாவியைப் பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துப் பேருக்கு நோய் சில காலம் பின்வாங்கியதை 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். சாஸ்வதமான குணம் அன்று, சில மாதங்கள்தாம். ஆயினும் குழந்தைகளின் இரத்தப் புற்றை ஒரு மருந்து இவ்வாறு பின்வாங்கச் செய்ததை வைத்திய உலகம் அதுவரை கண்டதில்லை. அமினோப்டெரினில் சிறு மாறுதல் செய்து உண்டாக்கிய அதன் தம்பிதான் மெதோட்ரெக்ஸேட். அண்ணனைக் காட்டிலும் கையாளுவதற்குப் பத்திரமானது என்று கண்டு, வைத்தியர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள்.

அதே கூடத்திலிருந்து 1947-ல் யானைக்கால் நோய்க்கான ஹெட்ரஸான் மருந்து வெளிவந்தது. பழைய தென்னார்க்காடு ஜில்லாவில் வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் என்றால் என்ன என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. வருஷந்தோறும் சர்க்கார் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று விழுங்கச் செய்த டி.ஈ.ஸி. மாத்திரை அதுதான். 1948-ல், டக்கர் என்னும் முதியவர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைஸின் வெளியாயிற்று. டெட்ராஸைக்ளின் குடும்பத்து மருந்துகளில் முதலாவது அது. இவ்வளவுக்கும் தலைவராயிருந்த சுப்பாராவ் பத்திரிகைக்காரர்கள் வந்தால் பின்வரிசைக்குப் போய்விடுவார். 1948 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு படுத்தவர், இருதய நோயால் உறக்கத்திலேயே காலமானார். வயது ஐம்பத்து மூன்று. அமெரிக்கப் பிரஜை ஆகாமலே இறந்தார். 1953-ல் ஒரு காளானுக்கு அவர் பெயரை இட்டார்கள். 1995-ல், பிறந்த நூற்றாண்டில், இந்திய சர்க்கார் ஒரு தபால் தலை வெளியிட்டது.

மனிதர் போய்விட்டார், மருந்து போகவில்லை. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கென்று வந்த மெதோட்ரெக்ஸேட்டை, கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கு 1956-ல் லீ, ஹெர்ட்ஸ் என்னும் வைத்தியர்கள் கொடுத்துக் கட்டியைக் கரைத்தார்கள். தலை, கழுத்துப் புற்றுகளுக்கும் அது சென்றது. 1951-லேயே குப்னர் என்பவர் அமினோப்டெரினை மூட்டுவாதத்துக்கும் சொறிப்படைக்கும் கொடுத்து, இரண்டும் தணியக் கண்டார். நெடுநாள் இதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பின்பு அதன் தம்பியான மெதோட்ரெக்ஸேட்டைச் சிறிய அளவில் கொடுத்து ஆராய்ந்தார்கள். அமெரிக்க சர்க்கார் 1988-ல் மூட்டுவாதத்துக்கு அதை அங்கீகரித்தது. அனந்தபுரத்து மருந்துக் கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. மெதோட்ரெக்ஸேட் மூட்டுவலிக்கும் மருந்துதான். ஆனால் மூட்டுவலிக்காரர்கள் அதைப் புற்றுநோயாளிகளிடமிருந்து இரவல் வாங்கியவர்கள்.

மற்றொரு மாத்திரையான ஸெலெகாக்ஸிபின் கதை இதற்கு எதிரான திசையில் செல்லுவது. 1998-ன் முடிவில் மூட்டுவலிக்கென்றே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது அது. வீக்கத்தை உண்டாக்கும் ஒரு நொதியைத் தடுப்பது அதன் தொழில். அந்த நொதி வாய்ப் புற்றுக் கட்டிகளில் மிகுந்து இருப்பதையும், தனக்கு வேண்டிய புது இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளக் கட்டி அதைப் பயன்படுத்துவதையும் பின்னர்க் கண்டார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுப்பது ஏன்? புற்று மருந்தைத் தேகம் தாங்கும் மட்டும் ஒரே மூச்சில் கொடுத்து, மூன்று வாரம் ஓயவிட்டு, மறுபடியும் கொடுப்பதே பழைய வழக்கம். ஓய்வு நாட்களில் நோயாளி தேறுவதுபோலவே கட்டியும் தேறிக்கொள்ளுகிறது. அதனிலும் சிறிய அளவில், இடைவிடாமல் கொடுத்தால் கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் வளரமுடியாமல் போகும் என்ற கருத்து 2000-ஆம் வருஷத்தை ஒட்டி வலுப்பெற்றது. கோரையைப் பிடுங்குவது ஒரு வழி. அதற்குத் தண்ணீர் போகும் மடையை அடைப்பது மற்றொரு வழி. கழனிக்காரருக்கு இதற்கு மேல் நாம் விளக்க வேண்டாம்.

கருத்து நன்றாயிருந்தால் போதாது. மனிதரிடம் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். பார்த்தவர்கள் பம்பாய் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியார். 1941-ல் டாடா தருமத்தால் தோன்றி, 1962 முதல் இந்திய சர்க்காரின் அணுசக்தி இலாகாவைச் சேர்ந்தது அந்த ஆஸ்பத்திரி. அங்கே குமார் பிரபாஷ், வனிதா நோரோனா, விஜய் பாட்டீல் முதலிய டாக்டர்கள், குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்ட தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 422 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு ஸிஸ்பிளாட்டின் என்னும் மருந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பின் வழியாக. மற்றப் பிரிவாருக்கு வாரம் ஒரு முறை மெதோட்ரெக்ஸேட்டும், தினம் இரு வேளை 200 மில்லிகிராம் ஸெலெகாக்ஸிபும், வாய்வழியாக. 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 6.1 மாதத்துக்குமேல் ஜீவித்திருந்தனர். மாத்திரை பெற்றவர்களில் பாதிப்பேர் 7.5 மாதத்துக்குமேல். கடுமையான உபாதைகள் ஊசிப் பிரிவில் நூற்றுக்கு 30 பேருக்கு. மாத்திரைப் பிரிவில் 19 பேருக்கு.

ஒன்றரை மாதந்தானா என்று கேட்பவர் கேட்கலாம். நாமும் கேட்டோம். ஆனால் நேயர் சில விஷயங்களை யோசிக்கவேண்டும். ஸிஸ்பிளாட்டின் ஏற்ற ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும். முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றவேண்டும். சிறுநீரகமும் காதும் கெடும் அபாயம் உண்டு. வாந்தி ஆளை வாட்டும். செஞ்சிப் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ நோயாளியுடன் ஒருவர் துணைக்குப் போனால், இருவர் கூலியும் பஸ் சார்ஜும் போகும். அதிக விலையுள்ள சிகிச்சை கொடுப்பதைவிடக் குறைந்த விலை மாத்திரை சற்று அதிக நாள் கொடுக்கிறது, அந்த நாட்களை வீட்டுத் திண்ணையில் கழிக்கவிடுகிறது என்றால், ஏழையைக் கைகழுவியதாக அதற்கு அர்த்தம் செய்யலாகாது.

பம்பாய்க்காரர்கள் அதோடு நிற்கவில்லை. இவ்விரண்டு மாத்திரைகளோடு எர்லோடினிப் என்னும் மூன்றாவதையும் சேர்த்தார்கள். நிவோலுமாப் என்னும் புது மருந்து ஒன்று உண்டு. தேகத்தின் சொந்தக் காவலைத் தூண்டிவிடுவது. அதன் முழு அளவின் விலை நம் நாட்டில் பெருந்தனவந்தருக்கே எட்டும். வழக்கமாக ஒரு வேளைக்கு 240 மில்லிகிராம் கொடுக்கும் அதை 20 மில்லிகிராம் மட்டும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்து, மூன்று மாத்திரைகளோடு சேர்த்தபோது, ஒரு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர் நூற்றுக்கு 43 பேர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 16 பேர். 151 நோயாளிகளைக் கொண்டு செய்த இந்த ஆராய்ச்சி 2023-ல் அச்சாயிற்று. மேனாட்டுக் கம்பெனி எதுவும் கேட்காத கேள்வி இது. கேட்டால் அதன் வியாபாரம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுமல்லவா?

பழைய மருந்துக்குப் புதுப் பயன் தேடும் வேலையில் உள்ள இடைஞ்சலும் இதுவே. உரிமைக் காலம் முடிந்துபோன மெதோட்ரெக்ஸேட்டை நம் தேசத்தில் பல கம்பெனிகள் செய்கின்றன. சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. நானூறு பேரைக் கொண்டு ஆராய்ந்து, அதற்கு ஒரு புதிய குணம் உண்டென்று நிரூபிப்பவனுக்கு லாபம் ஒரு காசும் இல்லை. ஆகவே பொதுப் பணத்தில் நடக்கும் ஆஸ்பத்திரிகளே அதைச் செய்தாகவேண்டும். இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் வாய்ப் புற்றுக்கு. இந்தக் கேள்வியை நாம் கேட்காவிட்டால் வேறு தேசத்தார் நமக்காகக் கேட்கப்போவதில்லை. சென்னையிலும் மதுரையிலும் உள்ள நமது கல்லூரிகள் இதில் இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பழைய மருந்துக்குப் புதுப் பயன் உண்டு என்று சொன்னவுடன், பூச்சி மாத்திரை தின்றால் புற்று கரையும், இன்னது குடித்தால் கட்டி மறையும் என்று செல்பேசியில் செய்தி அனுப்புகிறவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். கண்ணாடித் தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் ஆயிரம் உண்டு. மனித உடம்பில் அவற்றில் மிகப் பல தோற்றுப்போயின. 422 பேரிடம் பரீட்சித்த மருந்தையும், பரீட்சிக்காத வதந்தியையும் ஒரே தராசில் வைப்பது பைத்தியக்காரத்தனம்.

புகையிலையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. குட்காவைத் தமிழ்நாட்டு சர்க்கார் 2013-ல் தடுத்தது. அது கடையில் மறைவாகக் கிடைப்பது நேயருக்குத் தெரியாததன்று. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்று உண்டாக்கவல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2004-ல் தீர்மானித்ததைப் பலர் இன்னும் அறியார்கள். வாயில் வெண்படையோ மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால் அப்போதே காட்டவேண்டும். முதற் கட்டத்தில் வாய்ப் புற்று அறுத்துக் குணமாக்கக்கூடியது. நேயர் தம் வாயையும் ஒரு முறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும்.

நேயரின் தமையனாருக்கு நாம் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் தின்னும் மாத்திரை என்று தவறாக எண்ணி, நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல தேசங்களில் உண்டு. அளவு மிஞ்சினால் வாயெல்லாம் புண்ணாகும். இரத்தம் ஊறுவது நின்றுபோகும். அதற்கு மாற்றாக வைத்தியர் கொடுப்பதும் போலிக் அமில வகையில் ஒன்றே. ஆகவே அண்ணனுக்கு மருந்து நாள் எந்தக் கிழமை என்று ஆஸ்பத்திரியில் கேட்டு, அந்தக் கிழமையைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மாதம் முழுவதற்கும் சிவப்பு மையால் சுழித்து வைக்கவும். இரண்டு மாத்திரைகளையும் ஒரே டப்பியில் போட்டு வைக்கவேண்டாம். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ கண்டால் அடுத்த வாரத்து மாத்திரைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். கடிதத்தில் எழுதியிருக்கும் சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்; போகும்போது அதையும் கையோடு கொண்டுபோகவேண்டும்.